கையில் கொடுக்காத கத்தி

நாணுவைப் பற்றிப் பம்பாய் மாட்டுங்காவில் யாரிடம் விசாரித்தாலும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. சனிக்கிழமை பஜனைக்கு ஜால்ராவை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்காருவார். அண்டை அயலில் ஃப்யூஸ் போனால் கூப்பிடாமலே வந்து ஸ்டூல் போட்டு ஏறிவிடுவார். அப்படி ஓடி வந்ததற்குப் பரோபகாரம் பாதிக் காரணம். மீதிப் பாதி அவர் பாக்கெட்டில் இருந்த கத்தி.

அந்தக் கத்தியை விட்டுவிட்டு நாணுவைப் பற்றிச் சொல்ல முடியாது. அவருடைய அத்திம்பேர் கப்பல் கம்பெனியில் இருந்தார். அறுபத்து மூன்றாம் வருஷம் ஐரோப்பாப் பக்கம் போய்விட்டு வந்தவர், மைத்துனனுக்கென்று வாங்கி வந்தது அது. சிவப்புப் பிடி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதற்குள்ளே பெரிய அலகு, சின்ன அலகு, கத்தரிக்கோல், ரம்பம், அரம், டப்பா திறக்க ஒன்று, பாட்டில் மூடி கழற்ற ஒன்று, ஸ்க்ரூ டிரைவர், ஓட்டை போடும் ஊசி, முள் பிடுங்கும் இடுக்கி, கார்க் திருகி என்று பதினோரு சாமான்கள். மதுவிலக்கு அமலில் இருந்த பம்பாயில் கார்க் திருகிக்கு என்ன வேலை? நாணு அதை வைத்துச் சிக்கு விழுந்த முடிச்சுகளை அவிழ்ப்பார். பதினொன்றில் ஒன்றுகூடச் சும்மா இருக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு வைராக்கியம்.

பாலக்காட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதில் டைப்ரைட்டிங் லோயர் பாஸோடு பம்பாய்க்கு வந்தவர். மெஸ் சாப்பாடு, நாலு பேர் படுக்கும் அறை, பிறகு கல்யாணம், இரண்டு ரூம் வீடு என்று படிப்படியாக ஏறி, முப்பத்தைந்தாவது வயதில் குர்லாவில் ஒரு வொர்க்ஷாப்பில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தார். துணி மில்களுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் வொர்க்ஷாப். நாற்பது ஆட்கள். கம்பி வலை அடித்த ஒரு சின்ன அறைக்குள் நாணு. அறைக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு பலகை. அரம், டிரில் பிட், நட்டு, போல்ட்டு எல்லாம் அந்தப் பலகை வழியாகத்தான் வெளியே போகும், உள்ளே வரும்.

மடி, தீட்டு எல்லாவற்றையும் ஊரோடு விட்டுவிட்டு வந்தாயிற்று என்று நாணு உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார். ஈரானி ஹோட்டலில் டீ குடிப்பார். ரயிலில் யார் தோள் இடித்தாலும் வீட்டுக்கு வந்து தலை முழுகுவது கிடையாது. "பம்பாயில அதெல்லாம் யாரு பாக்கறா?" என்று ஊரிலிருந்து வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். பாவம், தன் வலது கையை அவர் கவனிக்கவில்லை. அது மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது.

ஆபீஸ் குமாஸ்தாவோ மேனேஜரின் மச்சினனோ ஜன்னலுக்கு வந்தால் கேட்ட சாமானை அந்தக் கை அவர்கள் கையில் கொடுக்கும். தாராவி ஆட்கள் வந்தால் பலகையில் வைக்கும். அப்படி ஒரு விதி கம்பெனியில் கிடையாது. நாணு யோசித்துச் செய்ததும் அல்ல. யோசித்திருந்தால் அன்றைக்கே வெட்கப்பட்டிருப்பார். பலகை நடுவில் இருந்தது, கை அதில் வைத்தது, ஒருவரும் கேட்கவில்லை.

பூலோகம் தாராவி ஆள். நாங்குநேரிப் பக்கம் சொந்த ஊர். பெரிய லேத்தில் வேலை. வெண்கலத் தொண்டை, மெஷின் சத்தத்துக்கு மேலே அவர் சிரிப்புக் கேட்கும். ஒரு நாள் அரம் வாங்க வந்தவர், நாணு சிவப்புக் கத்தியால் பென்சில் சீவுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"சார், அத ஒருக்கா பாக்கலாமா?" என்று கையை நீட்டினார்.

நாணு கத்தியை மடக்கிப் பலகையில் வைத்தார். நீட்டிய கைக்கு நாலு விரல் தள்ளி. பூலோகத்தின் கை ஒரு நொடி வெறுமனே அந்தரத்தில் நின்றது. அதை நாணு பார்த்துவிட்டார். அவருக்கு முகம் சூடேறியது. என்ன சொல்லிச் சமாளிப்பது என்று வாய் தேடிக்கொண்டிருக்கும்போது பூலோகமே சிரித்தார்.

"சரியாத்தான் செஞ்சிய சார். கத்தியக் கையில குடுக்கக் கூடாதுல்லா? குடுத்தா ரெண்டு பேருக்கும் சண்டை வந்துரும்னு எங்க அம்மை சொல்லுவா."

"ஆமா, ஆமா," என்றார் நாணு அவசரமாக. "எங்காத்துலயும் அப்படித்தான்."

அது பொய். அவர் வீட்டில் உப்பைத்தான் கையில் கொடுக்க மாட்டார்கள். கத்தியைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. பூலோகம் வெள்ளை மனசோடு ஒரு சாக்கை எடுத்து நீட்டினார், இவர் அதைப் பிடித்துக்கொண்டார். அதை மட்டும் கைநீட்டி வாங்கிக்கொள்ள நாணுவுக்குக் கூச்சமில்லை.

அன்றிலிருந்து பூலோகத்துக்கு இவர் மேல் தனிப் பிரியம். "நம்ம நாணு சாருக்கும் நமக்கும் ஒரே சாஸ்திரம்யா" என்று ஷெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தன் கத்தியையும் கொண்டுவந்து காட்டினார். அதை அவரே செய்திருந்தார். உடைந்த ஹாக்ஸா பிளேடைத் தேய்த்து அலகு. அலகின் அடியில் பித்தளையில் ஒரு சின்ன குமிழ், கட்டைவிரலால் தள்ளினால் சடக்கென்று ஒற்றைக் கையில் திறந்துகொள்ளும். மறு முனையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கொக்கி ஊசி. பிடி வெறும் தகரக் குழாய். மொத்தம் மூன்றே சாமான். அதை மரியாதையாகப் பலகையில் வைத்து, "சண்டை வேண்டாம் சார்" என்று கண்ணைச் சிமிட்டினார்.

சிவப்பா, தகரமா, எது உபயோகமான கத்தி என்ற போட்டி எப்படித் தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. சாப்பாட்டு வேளையில் ஆட்கள் ஸ்டோர்ஸ் வாசலில் கூடிவிடுவார்கள். ஃபோர்மேன் ஜெயினுலாப்தீன் மிஸ்திரிதான் நடுவர். காயல்பட்டினத்துக்காரர், சிரிக்காமலே கேலி செய்வார். ஸ்டோர்ஸ் கதவில் சாக்பீஸால் இரண்டு கட்டம் போட்டு, ஜெயித்த பக்கம் கோடு போடுவார்.

கிரீஸ் டப்பாவைப் பூலோகம் நாலு குத்தில் திறந்தார். நாணுவின் திறப்பான் ஓரத்தோடு அழகாக வளைந்து வளைந்து போனது. அது முழு வட்டம் வருவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. கோடு தகரத்துக்கு. மறுநாள் மிஸ்திரியின் உள்ளங்கையில் இரும்புச் சிலாம்பு ஏறியது. நாணு இடுக்கியை உருவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிடுங்கினார். வலி தீர்ந்த மிஸ்திரி சிவப்புக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கோடு போட்டார், ஆட்சேபித்தவர்களை முறைத்தார். கலர் பாட்டில் மூடியைப் பூலோகம் மேஜை விளிம்பில் தட்டித் திறந்துவிட்டு, "கத்தி எதுக்கு சார் இதுக்கு?" என்றார். அது கணக்கில் சேராது என்று தீர்ப்பு. தோல் பெல்ட்டுக்கு ஓட்டை போடக் கொக்கி ஊசிக்கு இணை கிடையாது. நகம் வெட்டக் கத்தரிக்கோலை அடிக்க ஆள் இல்லை. சிவப்பின் ரம்பம் பெட்டிப் பலகையில் பாதி தூரம் போய்ச் சிக்கிக்கொண்டு மானத்தை வாங்கியது.

ஒரு விஷயத்தில் மட்டும் பூலோகம் விட்டுக்கொடுக்கவே இல்லை. சிவப்புக் கத்தியைத் திறக்க இரண்டு கை வேண்டும், அதிலும் நகத்தை விட்டு இழுக்க வேண்டும். கையில் எண்ணெய் இருந்தால் வழுக்கும்.

"வேலை செய்யுதவனுக்கு ஒரு கை எப்பவும் சாமானப் புடிச்சுக்கிட்டுல்லா இருக்கும்? கத்திக்கு மிஞ்சுதது ஒத்தக் கைதான் சார். இதச் செஞ்ச வெள்ளக்காரன் லேத்துல நின்னுருக்க மாட்டான்."

"அவன் அப்பர் கிளாஸ் ஆளாக்கும்," என்று நாணு சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசியில் மிஸ்திரி சாக்பீஸைத் தூக்கிப் போட்டார். "அவனவன் கத்தியை அவனவன் மெச்சிக்கிட்டா நான் என்ன தீர்ப்பு சொல்றது? ஒரு வாரம் மாத்தி வச்சுக்கிடுங்க. வீட்டுலயும் அதுதான், வேலையிலயும் அதுதான். அடுத்த திங்கக்கிழமை அடுத்தவன் கத்தியைப் பத்திச் சொல்லணும்."

நாணு சிவப்பைப் பலகையில் வைத்தார். பூலோகம் தகரத்தைத் துடைத்துப் பலகையில் வைத்தார். ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நாணு முதலில் செய்த காரியம், பூலோகத்தின் கத்தியைக் குழாயடியில் காட்டியதுதான். அவர் மனைவி விஜயலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள்.

"என்னதிது, கத்திக்கு ஸ்நானமா?"

"எண்ணெய்ப் பிசுக்கு," என்றார். பிசுக்கு எதுவும் இல்லை. பூலோகம் காட்டன் வேஸ்ட் வைத்துப் பளபளவென்று துடைத்துத்தான் தந்திருந்தார்.

ஊரிலிருந்து அப்பளப் பார்சல் வந்திருந்தது. விஜயலக்ஷ்மி அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் குமிழைத் தள்ளி, சணலை அறுத்தாள். "நன்னா இருக்கே! உங்க சிவப்பைத் திறக்கறதுக்குள்ள நகம் பிஞ்சுடறது" என்று மெச்சினாள். பிறகு கத்தியை மடக்கி, அவர் கையில் கொடுத்தாள். அவரும் வாங்கிக்கொண்டார்.

"ஏன் விஜயம், கத்தியைக் கையில கொடுக்கப்படாதுன்னு ஏதாவது உண்டோ?" என்று கேட்டுப் பார்த்தார்.

"உப்பைன்னா அப்படிச் சொல்லுவா? கத்திக்கு யார் சொன்னா?" என்று அவள் அப்பளத்தை எண்ணப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நாணு கையில் லிஸ்டோடு ஷெட்டுக்குள் போனார். எந்த மேஜையில் எத்தனை அரம் இருக்கிறது என்று மாதம் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். பூலோகத்தின் லேத்தை ஒட்டிய மேஜைப் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

பூலோகம் வியர்வை துடைப்பதற்கென்று வலது மணிக்கட்டில் பழைய துண்டைக் கிழித்துக் கட்டியிருப்பார். அன்றைக்கு அதன் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. லேத்தின் கீழ்ப்புறம் நீளமாக ஒரு திருகு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் நுனி மாட்டியது. துணி சுற்றச் சுற்ற மணிக்கட்டு பல்சக்கரங்கள் இருக்கும் பக்கமாக இழுபட்டது. வேகமாக அல்ல, மெதுவாகத்தான். பார்த்துக்கொண்டு நிற்பதற்குப் போதுமான நேரம் இருந்தது, அதுதான் கொடுமை.

மெஷினை நிறுத்தும் கட்டை பூலோகத்துக்கு எட்டாத பக்கம். மிஸ்திரி "மெயின்! மெயின்!" என்று கத்திக்கொண்டு ஷெட்டின் மறு கோடிக்கு ஓடினார். பூலோகம் இடது கையால் பாக்கெட்டைத் துழாவிச் சிவப்புக் கத்தியை எடுத்தார். பதினோரு சாமான் இருந்தும் ஒன்றுகூட வெளியே வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார், வழுக்கிக் கீழே விழுந்தது.

"சார்! எங் கத்தி! எங் கத்தியக் குடுங்க!"

அது நாணுவின் சட்டைப் பையில் இருந்தது. அவர் எடுத்தார். குமிழைத் தள்ளினார். கண் மூடித் திறப்பதற்குள் அலகு திறந்துகொண்டது. பூலோகத்தின் இடது கை, விரல்கள் ஐந்தும் விரிந்து, ஒரு சாண் தூரத்தில் நீண்டிருந்தது.

நாணு கத்தியை மேஜையில் வைத்தார்.

வேண்டுமென்று வைக்கவில்லை. சத்தியமாக அப்படி இல்லை. அந்தக் கணத்தில் அவர் மனசில் பயத்தைத் தவிர ஒன்றுமே கிடையாது. கை பழகின காரியத்தைச் செய்தது. பூலோகத்தின் கை வளைந்து மேஜைக்குப் பாய்ந்தது. மேஜையில் எண்ணெய். கத்தி விரலில் பட்டு நழுவி விலகியது. இரண்டாவது தாவலில்தான் பிடி கிடைத்தது. துணியை அறுத்துக் கையை உருவிக்கொள்வதற்குள் சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன.

மெயின் அணைந்து ஷெட் முழுக்கச் சத்தம் நின்றது. பக்கத்து மெஷினில் இருந்த மராத்தி ஆள் நாணுவின் தோளைப் பிடித்து உலுக்கினான். "ஹாத் மே க்யோ நஹி தியா?" ஏன் கையில் கொடுக்கவில்லை என்று கேட்டான். 

பதில் சொன்னது பூலோகம். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகும்போது, உதடு வெளுத்து, கையில் சுற்றிய துணி முழுக்க ரத்தமாக, தலையை மட்டும் திருப்பினார்.

"அவர ஒண்ணும் சொல்லாதிய. கத்தியக் கையில குடுத்தா சண்டை வந்துரும்னு வச்சாரு. எங்களுக்குள்ள சண்டை வரக்கூடாதுன்னு வச்சாரு."

அதைக் கேட்டு மராத்தி ஆளின் பிடி தளர்ந்தது. மிஸ்திரி மட்டும் அன்று சாயங்காலம், "இந்தச் சாஸ்திரமெல்லாம் மெஷின்கிட்ட செல்லாது சார்" என்று வருத்தமாகச் சொன்னார். திட்டக்கூட இல்லை. நாணு தலையை ஆட்டினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம், சாஸ்திரமும் இல்லை ஒன்றும் இல்லை மிஸ்திரி, நான் யார் யாருக்குக் கையில் கொடுப்பேன் என்று ஜன்னலில் நின்று பாருங்கள் என்று. சொல்லவில்லை. ஆட்கள் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள், "உங்க தப்பு இல்ல சார்" என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர் குடித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தப் பரிதாபம் அவரைக் கூசவைத்தது. ஜன்னலில் யாராவது கை நீட்டினால் உடம்பு குன்றியது. பஜனையில் ஜால்ரா தாளம் தப்பியது. சாப்பிட உட்கார்ந்தால் தன் வலது கையைப் பார்க்கப் பிடிக்காமல் பார்வையைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார்.

இரண்டு ஞாயிறு கழித்துத் தாராவிக்குப் புறப்பட்டார். மாட்டுங்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் போனதில்லை. ஒரு பையில் ஆரஞ்சுப் பழம். சட்டைப் பையில் இரண்டு கத்திகளும் இருந்தன. ரத்தம் போகக் கழுவி மிஸ்திரி அவரிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனார். முதலில் அவன் கத்தியை அவன் கையில் கொடுக்க வேண்டும். மேஜையில் அல்ல, பலகையில் அல்ல, கையில். கொடுத்துவிட்டு, எங்காத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லை பூலோகம், நான் உன்னைத் தொடக்கூடாதென்றுதான் ஜன்னலிலும் வைத்தேன், மெஷின் பக்கத்திலும் வைத்தேன் என்று சொல்லிவிட வேண்டும். அவன் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பூலோகம் வாசலுக்கே வந்துவிட்டார். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "வாங்க சார், வாங்க! இவ்வளவு தூரம் நடந்தா வந்திய?" என்று பழைய தொண்டையில் கூப்பிட்டார். ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு தகரப் பெட்டி, மூலையில் பம்ப் ஸ்டவ். இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "ஏட்டீ பேராச்சி, நான் சொல்லுவேம்லா, நம்ம ஸ்டோர்ஸ் சார்!" அவர் மனைவி பேராச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தலையசைத்தாள், ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள்.

"தீர்ப்பு சொல்லணும்லா சார்," என்றார் பூலோகம். "ஒங்க கத்தி நல்ல கத்திதான். மூணு நாள் வச்சிருந்தேன், எம் பொண்டாட்டிக்குக் கால்ல முள்ளு எடுத்தேன், ரேடியோவுக்குத் திருகு மாட்டுனேன். ஆனா ரெண்டு கையும் முழுசா உள்ளவனுக்குத்தான் அது ஆகும். எனக்கு இனிமே என் தகரந்தான்."

சிரித்தார். நாணு எழுந்து தகரக் கத்தியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து நீட்டினார். 

"பூலோகம், இதை வாங்கிக்கோ. நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஐயய்ய, வைங்க சார், வைங்க!" பூலோகம் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "கையிலயா குடுக்கிய? ரெண்டு வெரலு போனது போதாதா, ஒங்களுக்கும் எனக்கும் சண்டை வேற வரணுமா? பெட்டி மேல வைங்க."

நாணு தகரப் பெட்டியின் மேல் வைத்தார். பக்கத்தில் சிவப்புக் கத்தியையும் வைத்தார். "இதுவும் உனக்குத்தான், வெச்சுக்கோ" என்றார்.  சொல்ல வந்ததைச் சொல்லாமல் தப்பித்ததில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பேராச்சி டீ கொண்டுவந்தாள். கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"அங்க வெச்சுடும்மா," என்றார் நாணு. வலது கை தானாக எழுந்து பெட்டியைக் காட்டியது.

பேராச்சி நின்றாள். தம்ளரைப் பார்த்தாள். பெட்டி மேல் கிடந்த கத்திகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"டீக்குமா சார் சண்டை வரும்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பூலோகம் இன்னும் சிரித்த முகமாகவே இருந்தார். அந்தச் சிரிப்போடு அவர் பார்வை தம்ளருக்குப் போனது, கத்திக்குப் போனது, பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்த நாணுவின் விரலுக்குப் போனது, அங்கேயே நின்றது. அரம், டிரில் பிட், நட்டு, ரசீது என்று ஜன்னல் பலகையில் வாங்கியதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது நாணுவுக்குத் தெரிந்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

நாணு பதறிக்கொண்டு தம்ளருக்காகக் கை நீட்டினார். அதற்குள் பேராச்சி அதைப் பெட்டியில் வைத்துவிட்டாள். அவர் எடுத்து, வாய் வெந்துபோக, ஒரே மூச்சில் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.  பக்கத்து அறையில் யாரோ இருமுவது கேட்டது.

"நான் வரேன் பூலோகம்," என்று எழுந்தார்.

பூலோகம் இடது கையால் பெட்டியிலிருந்து சிவப்புக் கத்தியை எடுத்தார். நீட்டினார்.

"ஒங்க கத்தி சார்."

"அது உனக்குன்னு..."

"வேண்டாம் சார்."

நாணுவின் கண் பழக்கதோஷத்தில் பெட்டிக்குப் போனது.

"கையிலயே வாங்கிக்கிடுங்க," என்றார் பூலோகம். குரல் தாழ்ந்திருந்தது. "சண்டை வந்தா வரட்டும்."

நாணு வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தக் கை அவர் கையில் பட்டது. காய்ச்சல் கையாகச் சூடாக இருந்தது.

சண்டை வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று பிறகு நாணு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறார். சிவப்புக் கத்தி வீட்டில் மேஜை டிராயருக்குள் போயிற்று. அண்டை அயலில் ஃப்யூஸ் போனால் கூப்பிட்ட பிறகுதான் போனார், அவர்கள் வீட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டு வாங்கி மாட்டினார். கதவில் இருந்த சாக்பீஸ் கோடுகளை ஒரு நாள் யாரும் வருவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பூலோகம் வேலைக்கு வந்தார். லேத் இல்லை, டிரில்லிங் மெஷின் கொடுத்தார்கள். முதல் நாள் காலையில் எட்டாம் நம்பர் பிட் கேட்டு ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்தார். நாணு பிட்டை எடுத்தார். கையை ஜன்னலுக்கு வெளியே, பலகையைத் தாண்டி, முழங்கை வரை நீட்டிக் கொடுத்தார்.

பூலோகம் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்று விரலால் பலகையைத் தட்டினார்.

"வைங்க சார்."

நாணு வைத்தார். பூலோகம் எடுத்துக்கொண்டு போனார்.